நூறு கோழி தேவை!

ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் என்ன பேசுவீர்கள்? என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். நான் பேசியதை மட்டும் பேசிவிடாதீர்கள்.

முந்தின வருஷம் சித்திரை மாசம். திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடியில், கொசுவும் நானும் பாதிப் பாதியாகப் பாயைப் பங்கு போட்டுக்கொண்டு படுத்திருந்தோம். போன் அடித்தது.

"செவலை போயிடுச்சுடா..."

தூக்கக் கலக்கம். செவலை யார், எந்த வழியில் சொந்தம் என்று பிடிபடவில்லை. "அடடா! எப்பம்மா எடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"காலையிலேர்ந்து இது நாலாவதுடா. முட்டைக்கு வந்த பொட்டை..." என்று அம்மா விசும்பியபோதுதான் விஷயம் கோழி என்று உறைத்தது. உறைத்ததும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ப்பூ, கோழிதானே! ஆயிரம் ரூபா அனுப்பறேன், வேற வாங்கிக்கயேன்" என்றேன்.

போன் 'டக்'கென்று அடங்கியது. அப்புறம் ஒரு வாரத்துக்கு அம்மாவிடமிருந்து போனே இல்லை.

ஏன் அத்தனை கோபம் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம். கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் கேழ்வரகு. தக்காளிக் காசு மண்டியிலிருந்து நேராக அப்பாவின் சட்டைப் பைக்குப் போகும். அங்கிருந்து உரக்கடைக்குப் போகும். அம்மா கண்ணில் காட்டப்படுவது பில் மட்டும்தான். கோழிக் காசு அப்படியில்லை. அது கடுகு டப்பா காசு. அதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. என் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஃபீஸ் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது. நான் இன்டர்வியூவுக்காகச் சென்னைக்கு வந்த பஸ் டிக்கெட், ஒரு கருஞ்சேவல். இன்றைக்கு நான் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வவுச்சருக்கு டிக் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அதற்காக ஒரு ஜீவன் குழம்பாகியிருக்கிறது.

அந்த டப்பாவுக்குத்தான் ஆயிரம் ரூபாய் விலை பேசினேன். புத்தி!

ஐந்தே நாளில் இருபத்தாறு கோழி, ஏழு கோழியாகிவிட்டது.

எங்கள் ஆபீசில் ரிடையராக இரண்டு வருஷம் பாக்கியிருக்கும் ஹெட் கிளார்க் ஒருவர் உண்டு. ஊருக்குப் போய் ஆடு வளர்ப்பதுதான் அவருடைய பென்ஷன் கனவு. அதற்காக இப்போதே பேப்பர் கட்டிங் சேர்க்கிறார். அவரிடம் என் சோகத்தைச் சொன்னேன்.

"உங்க மாவட்டத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்குமே, நாட்டுக்கோழி வளர்ப்புக்கு ஒரு நாள் கிளாஸ் நடத்துவாங்க. போய்ட்டு வாய்யா."

"கோழி வளர்க்கறதுக்கு கிளாஸா சார்? அது பாட்டுக்கு வளருமே!"

"செத்ததும் அது பாட்டுக்குத்தானே செத்துது?" என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே.

இந்த நிலையங்களைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம், பஸ்ஸில் போகும்போது பார்த்த பச்சை போர்டு மட்டும்தான். பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1973-ல் மோகன் சிங் மேத்தா என்ற கல்வியாளர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 'விவசாயிக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் கரும்பலகையில் எழுதிப் போடாதீர்கள். அவன் கையாலேயே செய்யவைத்துச் சொல்லிக் கொடுங்கள்' என்பதுதான் அந்தக் கமிட்டி சொன்னதன் சாரம். அதன்படி இந்தியாவிலேயே முதல் நிலையம் 1974-ல் எங்கே வந்தது தெரியுமா? டெல்லியிலும் இல்லை, பஞ்சாபிலும் இல்லை. நம்ம புதுச்சேரியில்! கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். இன்றைக்கு நாடு முழுக்க எழுநூறுக்கும் மேலே இருக்கிறது.

நம் பக்கத்துக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. அறுபதுகளில் திருச்சி வானொலி, ஏ.டி.டி. 27 என்ற புது நெல்லைப் பற்றி ஓயாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது. காதால் கேட்டே ஒரு நெல்லை வயலுக்குக் கொண்டுவந்த ஜனங்கள்!

சரி, கிளாசுக்கு வருவோம். ஆவணி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, 'தலைவலி' என்று லீவ் சொல்லிவிட்டுப் போனேன். நாற்பது பேர் இருந்தோம். முக்கால்வாசி வெள்ளை வேட்டி. டீயும் மசால்வடையும் வந்து போனபிறகு கால்நடை டாக்டரம்மா ஒருவர் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, முதல் கேள்வி இது:

"உங்க வீட்ல கோழியை ராத்திரி கவுக்கறது யாருங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வீட்ல பொம்பளைங்கதாங்க."

"தண்ணி வெக்கறது? அடை வெக்கறது?"

"அவங்கதாங்க."

"அப்ப அவங்க எங்க?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் அப்பாவியாக, "வீட்ல கோழிக்குத் தண்ணி வெச்சிட்டிருப்பாங்க" என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அம்மாவின் கோழிகளுக்கு வந்ததை அப்படியே படம் வரைவதுபோல் சொன்னார். றெக்கை தொங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். மூச்சு இழுக்கும். சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்போம். புத்தகத்தில் ராணிக்கெட் நோய். ராணிக்கெட் என்பது இமயமலைப் பக்கம், குமாவுன் மலையில் இருக்கும் அழகான ஊர். 1920-களின் கடைசியில் இந்த நோயை அங்கே கண்டுபிடித்ததால், பாவம், அந்த ஊருக்கு இப்படியொரு கெட்ட பேர். அதே காலத்தில் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் கண்டார்கள். அங்கே நியூகாசில் நோய். வைரஸ். வந்துவிட்டால் மருந்து கிடையாது. மஞ்சள், வெங்காயம், கீழாநெல்லி என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறோம். "கோழிக்கு அதெல்லாம் நல்லதுதாங்க. ஆனா இந்த வைரஸுக்குக் கேக்காது. வராம தடுக்கத்தான் வழி இருக்கு" என்றார்.

அப்புறம் எப்படிப் பரவுகிறது என்று ஆரம்பித்தார். அங்கேதான் எனக்கு வியர்த்தது.

சோர்ந்த கோழியை 'சாகறதுக்குள்ள அறுத்துடுவோம்' என்று குழம்பு வைக்கிறோம் இல்லையா? வெந்த கறியால் ஒன்றுமில்லை. அலசின தண்ணீரும் குடலும் இறகும் குப்பைமேட்டுக்குப் போகிறதே, அதை அடுத்த வீட்டுக் கோழி வந்து கிளறுகிறது. செத்ததை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். இது ஒரு வழி. இன்னொரு வழி சந்தை.

"நாலு ஊர்க் கோழி ஒரே கூடையில இருக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். நோய் உள்ள இருந்து வெளிய தெரிய நாலஞ்சு நாளாவும், சிலதுக்கு ரெண்டு வாரம்கூட ஆவும். அதனால சந்தைக் கோழியை மூணு வாரம் தனியா வெச்சிருந்துதான் மத்ததோட சேக்கணும். இங்க யாராவது வீட்ல மொத்தமா செத்திருந்தா யோசிச்சுப் பாருங்க, அதுக்கு முன்னாடி சந்தையிலேர்ந்து புதுக் கோழி ஏதாச்சும் வந்துதா?"

வந்தது. நான்தான் கொண்டுவந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஊருக்குப் போனபோது, இன்க்ரிமென்ட் கிடைத்த குஷியில், சந்தையில் ஒரு சேவல் வாங்கினேன். கழுத்தெல்லாம் தங்கம், வால் மயில் மாதிரி. பேரம்கூடப் பேசவில்லை. "உன் கோழிக்கூட்டத்துக்கு ராஜா கொண்டாந்திருக்கேம்மா" என்று நேராக நடுமுற்றத்தில் இறக்கிவிட்டேன். எட்டாவது நாள்தான் அந்த ராத்திரி போன்.

டாக்டரம்மா கேட்டபோது நாலைந்து கைகள் உயர்ந்தன. நான் தூக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சர்ட்டிஃபிகேட் வாங்கும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மருந்து சுலபம். குஞ்சு பொரித்து ஏழாம் நாளை ஒட்டி கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா. அப்புறம் அவர்கள் சொல்கிற இடைவெளியில் மறுபடி. எட்டு வாரம் தாண்டினால் றெக்கைக்கடியில் ஊசி. அதைக் கால்நடை ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள். பிப்ரவரியில் அரசாங்கமே இதற்கு இரண்டு வாரம் முகாம் நடத்துகிறது. கோழிக்கு ஒரு டீ காசுகூட ஆகாது.

பிறகு ஏன் யாரும் போடுவதில்லை? அந்தச் சின்னக் குப்பியைக் கையில் வாங்கினபிறகுதான் புரிந்தது. அது உயிருள்ள மருந்து. ஐஸிலேயே இருக்க வேண்டும், வெயில் படக்கூடாது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீந்தால் கொட்ட வேண்டியதுதான். ஒரு குப்பி நூறு கோழிக்கு. பெரிய பண்ணைக்காரனுக்குச் சரி. அம்மாவிடம் அப்போது, குஞ்சு குளுவானோடு சேர்த்து இருபத்து மூன்று. அம்மாவின் கோழியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எனக்கு இன்னும் எழுபத்தேழு கோழி வேண்டும். அதாவது, தெரு மொத்தமும் வேண்டும்!

தெருவைக் கூட்டியது நான் இல்லை, அம்மா. பயிற்சியில் கொடுத்த நோட்டீசை நான் வீடு வீடாக வாசித்தபோது, "மெட்ராஸ்காரன் ஏதோ விக்க வந்திருக்கான்" என்றுதான் பார்த்தார்கள். அம்மா குழாயடிக்குப் போய் ஒரு குடம் பிடித்து வருவதற்குள் ஒன்பது வீடு சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் முன்னாடியே குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும் என்பதையும் அதே குழாயடியில்தான் சொல்லி முடித்தாள்.

மறு சனிக்கிழமை நான் தர்மபுரியில் மருந்து வாங்கி, ஐஸ்கிரீம் கடையில் கெஞ்சி வாங்கின ஐஸ் நிரப்பிய ஃப்ளாஸ்க்கில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் கவலையோடு குனிந்து, "என்ன தம்பி, கிட்னியா?" என்றார். கோழி மருந்து என்றேன். அதற்குப்பிறகு பஸ்ஸில் ஒருவரும் என்னை மதிக்கவில்லை.

கோழி அடைகிற நேரமாகப் பார்த்து ஆரம்பித்தோம். அம்மா பஞ்சாரத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் சொட்டு விட, பக்கத்து வீட்டுப் பையன் மருந்து போட்ட கோழிக்குக் காலில் நூல் கட்டினான். படித்த படிப்பெல்லாம் அங்கே செல்லாது. ஓடும் கோழியை நான் துரத்தினேன், அம்மா துரத்தவில்லை. 'பே பே' என்று கூப்பிட்டு நாலு சோளத்தை இறைத்தாள், தானாக வந்தன. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தொண்ணூற்றொரு கோழி. மிச்சத்தைக் கொட்டினேன். ஒரே பெருமை!

பெருமை இரண்டு நாள்தான் நின்றது. நான் சென்னைக்குத் திரும்பவில்லை, திங்களும் லீவ் போட்டிருந்தேன். தெருக்கோடிப் பெரியம்மா வாசலில் வந்து நின்று, "நல்லா இருந்த கோழிக்கு விஷத்தை ஊத்திட்டியேடா! ரெண்டு போச்சு, மூணாவது இழுத்துக்கிட்டிருக்கு!" என்று ஆரம்பித்தார். தெரு கூடிவிட்டது.

டாக்டரம்மா எச்சரித்தது ஞாபகம் வந்தது. ஏற்கெனவே நோய் உள்ளே புகுந்துவிட்ட கோழியை மருந்து காப்பாற்றாது. அது சாகும், பழி மருந்து மேல் விழும். சோர்ந்த கோழிக்குப் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டுக் கோழி ஒன்று மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பார்த்தேன். நூறு எண்ணிக்கை ஆசையில் அதற்கும் சொட்டு விட்டேன். இதை நடுத்தெருவில் எப்படி விளக்குவது?

அம்மா உள்ளே போனாள். விடைக்கோழி இரண்டைக் காலைக் கட்டித் தூக்கி வந்து பெரியம்மா கையில் கொடுத்தாள். "வெச்சுக்கக்கா. செத்ததைக் குழம்பு வெக்காத, பொதைச்சிடு. சுண்ணாம்பு நான் தர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி திண்ணையில், இதற்குமேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன். "அம்மா... போன சித்திரையில செத்துதே. அது நான் வாங்கியாந்த சேவலாலதான்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தெரியும். அதுதானே மொதல்ல கவுந்துது."

"ஏன் சொல்லலை?"

"ஆசையா தூக்கிட்டு வந்து நின்னே. எப்பிடிடா சொல்றது?"

அடுத்த சித்திரை வந்தது. 'எங்கள் தெருவில் ஒரு கோழியும் சாகவில்லை' என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். செத்தது. கீரி இரண்டைக் கொண்டுபோனது. ஒன்று டிராக்டருக்கடியில். மருந்து போட்டபிறகு பொரித்த குஞ்சுகளுக்குச் சொட்டு விட ஆளில்லாமல், அதில் ஆறேழு போயிற்று. அது என் தப்பு, ஆடிட் நேரம், ஊருக்குப் போகவில்லை. ஆனால், மேலத்தெருவில் பஞ்சாரம் பஞ்சாரமாகக் காலியானபோது, எங்கள் தெருவில் காலில் நூல் கட்டின கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. பெரியம்மா வீட்டு விடைக்கோழிகள் உட்பட. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது ஒரு பையில் பத்து முட்டையைத் திணித்தார்.

அதற்குப்பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தக்காளி விலை விழுந்த சமயம், பறிக்கிற கூலிகூடத் தேறாமல் ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நிலையத்தில் தக்காளி பதப்படுத்தும் பயிற்சி என்று கேள்விப்பட்டு, அம்மா தானாகவே குழாயடிக் கோஷ்டியோடு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். அப்பாவுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு!

"தொக்கு போட ஒரு கிளாஸாம்மா?" என்றேன், ஹெட் கிளார்க்கிடம் பட்டது மறந்து.

"என் தொக்கு பதினஞ்சாம் நாள் பூசணம் பூக்கும். அவங்களது பூக்கலை. அப்ப கிளாஸுதானே?" என்றாள்.

பாட்டிலைக் கழுவினால் போதாதாம். தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, ஈரம் போக உலர்த்தி, தொக்கு சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டுமாம். கழுத்துவரை நிரப்பக்கூடாது. ஊற்றும்போது பாட்டிலை வெறும் தரையில் வைத்தால் விரிசல் விடும், பலகை மேல் வைக்க வேண்டும். சோடியம் பென்சோயேட் என்று ஒரு உப்பு. கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் கீழேதான், அதையும் தராசில் நிறுத்துத்தான். கண்ணளவில் உப்பு போட்டே முப்பது வருஷம் சமைத்தவளுக்கு அந்தக் குட்டித் தராசு ரொம்பப் பிடித்துப்போனது.

அம்மா ஒரு கேள்வியும் கேட்டாளாம். "இதே மாதிரி பீன்ஸையும் பாட்டில்ல அடைக்கலாமா?" கூடாதே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தக்காளிக்குப் புளிப்பு காவல் இருக்கிறது. பீன்ஸுக்கு அது இல்லை. வெறும் கொதிநீருக்குச் சாகாத ஒரு கிருமி, காற்றே இல்லாத பாட்டிலுக்குள் உட்கார்ந்து விஷம் கக்குமாம். திறந்து பார்த்தால் வாசனைகூட மாறியிருக்காது. அம்மா இதைச் சொன்னபோது, மேன்ஷன் அலமாரியில் நான் மாதக்கணக்கில் வைத்திருந்த சில பாட்டில்களைச் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தேன்.

இதனால் தக்காளி விவசாயி பிரச்னை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. லாரி லாரியாகக் கொட்டுகிறதை எல்லாம் தொக்காக்க ஊரில் அத்தனை எண்ணெய் ஏது? நாலு பங்கு தக்காளி ஒரு பங்காகச் சுண்டும். விறகும் கூலியும் சேர்த்தால் கணக்கு கையைக் கடிக்கும். கடையில் வைத்து விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேறு வாங்க வேண்டும். மண்டி விலையை எந்த கிளாஸும் மாற்றாது. குழாயடிக் கோஷ்டி ஐந்து பேரும் சேர்ந்து முப்பது பாட்டில் போட்டார்கள். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் விற்றது. கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் சீரக டப்பா ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்பதை மட்டும் ரிப்போர்ட் செய்கிறேன்.

போன வாரம். ராத்திரி பதினோரு மணி. போன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா... எது போச்சு?"

"ஒண்ணும் போவலை. மருந்து போட்டு மூணு மாசமாச்சுல்ல?"

அடடா! மறந்தே போயிருந்தேன். "இந்த மாசம் லீவ் கஷ்டம்மா. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை எப்படியாவது..."

"நீ எதுக்கு வர்ற? சாயங்காலமே நாங்க போட்டு முடிச்சிட்டோம். இந்தத் தடவை மேலத்தெருவும் சேந்துக்கிச்சு. ரெண்டு குப்பி."

"அப்புறம் எதுக்கும்மா இந்நேரத்துக்கு போன்?"

"அந்த ஃப்ளாஸ்க்கு பத்தலைடா. பெருசா ஐஸ் பொட்டி ஒண்ணு விக்குதாமே, வாங்கிக்கிட்டு வா. காசு நான் தர்றேன்."